நீலக் கட்சிக்காரர்

மகனின் நெஞ்சைச் சுற்றித் தோல்பட்டையை இறுக்கிக்கொண்டிருந்த ஒனேசிமஸ், அவனுடைய வலது மணிக்கட்டைப் பார்த்ததும் கையை நிறுத்தினார். அத்திப்பழம் மாதிரி வீங்கிக் கன்றியிருந்தது.

"என்னடா இது?"

"நேத்து ஓட்டிப் பாக்கும்போது குதிரை இழுத்துடுச்சுப்பா. ஒண்ணுமில்ல."

மருமகள் ஹெல்பிஸ் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அந்தக் கையால கத்திய உருவ முடியுமான்னு கேளுங்க மாமா."

தேர் கவிழ்ந்தால், இடுப்பில் சுற்றியிருக்கும் கடிவாள வாரை அறுத்துக்கொள்ள அந்தச் சின்னக் கத்திதான் கதி. இந்தக் கோடையில் மட்டும் ரோமில் மூன்று பேர் அதை அறுக்க முடியாமல் இழுபட்டுச் செத்திருந்தார்கள். மகன் வெனுஸ்டஸ் தான் தேரோட்டும் பச்சைக் கட்சியின் அங்கியை மாட்டிக்கொண்டான்.

"இன்னைக்கு வரலைன்னு சொல்லிடேன்," என்றார் ஒனேசிமஸ்.

"தெருவுல என் பேரைச் சொல்லிக் கத்துறாங்க, கேக்கலையா? நீங்கதான் பச்சைக்கு ஒரு தடவகூடக் கத்தினதில்ல."

"நாப்பது வருஷமா நான் நீலம்டா. பெத்துட்டேங்கறதுக்காக மாறிட முடியுமா?"

அவன் சிரித்துக்கொண்டே படியிறங்கினான்.

பந்தய மைதானத்தில் ஒனேசிமஸ் வழக்கம்போல நீலக்காரர்கள் நடுவே உட்கார்ந்தார். ஆறு சுற்றுவரை மகனின் கையைத் தவிர வேறெதையும் அவர் பார்க்கவில்லை. ஏழாவதான கடைசிச் சுற்றில் நீலத்தேர் பச்சையை நெருங்கியது. எல்லோரும் எழுந்தார்கள்; அவரும் எழுந்தார். திருப்பத்தில் ஏதோ ஒரு தேர் தூணில் மோதிச் சிதறியது. நீலம் முந்தியது. இரண்டு கைகளையும் தூக்கி, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். பக்கத்திலிருந்தவன் அவரைக் கட்டிப்பிடித்தான்.

புழுதி விலகியபோது, நான்கு குதிரைகள் பச்சையாக எதையோ இழுத்துக்கொண்டு ஓடின.

உடலைக் கொண்டுவந்தபோது கத்தி உறையிலேயே இருந்தது.

மறுநாள் காலை வீடு கொள்ளாத கூட்டம். வழக்கப்படி, சடலத்தருகே நின்று தகப்பன்தான் முதலில் செத்தவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். ஒனேசிமஸ் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

"பாவம், அழுது அழுது தொண்டை போயிடுச்சு," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

ஹெல்பிஸ் மாமனாரை ஏறிட்டுப் பார்த்தாள். நேற்றிலிருந்து அவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்பது அவளுக்குத் தெரியும். பார்வையைத் திருப்பிக்கொண்டு, புருஷன் பெயரை அவளே மூன்று முறை கூப்பிட்டாள்.

எரித்துவிட்டு வந்தபின் தண்ணீரைச் சுடவைத்து, தேன் கலந்து, அவர் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

"குடிங்க. தொண்டைக்கு நல்லது."

வேறொன்றும் கேட்கவில்லை. அவர் கிண்ணத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதிலிருந்து எழுந்த ஆவி கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.