கறுப்புப் பைக்குள் மூன்று பூ

மொட்டை மாடிக் கதவைத் தள்ளிய அஸ்வினிக்குக் கால் அப்படியே நின்றுவிட்டது.

நேற்று மாலை மூன்று மொட்டுக்கும் அவள் கட்டிவிட்ட கறுப்புப் பைகள் துணிக்கொடியில் தொங்கின. டிரம்மில் நட்ட சிமென்ட் கம்பத்தைப் பற்றி ஏறி, உச்சியில் மாட்டிய பழைய டயரிலிருந்து வழிந்து கிடந்த டிராகன் பழச் செடி முன்னால் மாமியார் அன்னக்கொடி நின்றிருந்தாள். விரிந்த வெள்ளைப் பூவுக்குள் அவள் கை மணிக்கட்டுவரை போயிருந்தது.

பிய்க்கிறாள்!

போன வாரம்தான் சொல்லியிருந்தாள்: "இந்தத் தடவையும் காய்க்கலைன்னா டிரம்மோட குப்பை வண்டியில ஏத்திருவேன். வீட்டுல போயி கள்ளிய வளப்பாகளா?"

இரண்டு வருடமாகப் பூத்ததெல்லாம் நாலாம் நாள் மஞ்சளாகி உதிர்ந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் அஸ்வினி குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தல்லாகுளத்தில் சுற்றிலும் மாடி, மாடிக்கு நாலு கண். திருஷ்டிக்குப் பயந்து, முதல் மொட்டிலிருந்தே பழைய கறுப்புப் பாவாடையைக் கிழித்துத் தைத்த பைதான் மாட்டுகிறாள்.

"ஐயோ, அத்தை!"

ஓடிப்போய்க் கையை இழுத்தாள். ஒரு திருநீற்று டப்பா தெறித்து விழுந்தது. மஞ்சள் பொடி அன்னக்கொடியின் மடியெல்லாம் கொட்டியது. அவள் பூவைப் பிய்க்கவில்லை. கையில் ஒரு கோழி இறகுதான் இருந்தது.

"அடிப் பாவி! கொட்டிட்டியேடி! ரெண்டு பூவுக்குத்தான் தடவியிருக்கேன்!"

"என்னத்தைத் தடவுனீக?"

"முந்தாநாளு அழகரைக் கும்பிட்டு வாரேன்னு போனேன்ல? அழகர்கோவில் பக்கம் தம்பி விருமாண்டி தோட்டத்துக்குத்தான் போனேன். இந்த ரகத்துக்கு வேற செடிப் பூவோட மகரந்தத் தூளத் தடவுனாத்தான் காய் பிடிக்குமாம். ஃபிரிட்ஜுல வச்சிருந்தேன். நீ என்னடான்னா பையப் போட்டு மூடுற. தூளக் கொண்டு வார வண்டு என்ன, தையலப் பிரிச்சிட்டா உள்ள போகும்?"

அஸ்வினி கொடியில் தொங்கிய பைகளைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு வருடமும் காய்க்கவிடாமல் செய்தது அவள் கையால் தைத்த பைதானா?

"ஒங்களுக்குத்தான் இந்தச் செடியே பிடிக்காதே..."

"இப்பவும் பிடிக்கல. அதுக்காக, நீ கொழாயத் தொறந்துவிட்டு அழுறது எனக்குக் கேக்காதுன்னு நெனச்சியா? டேங்குத் தண்ணி அம்புட்டும் காலி!"

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஒரே இரவு மட்டும் விரியும் பூ அது; மூன்றாவது பூவின் இதழ்கள் மெல்லக் கூம்பத் தொடங்கின. அன்னக்கொடி சேலையைத் தட்டிவிடக் கையை ஓங்கினாள்.

"தட்டாதீக! அசையாம நில்லுங்க!"

அஸ்வினி அவள் காலடியில் மண்டியிட்டாள். மடிச் சுருக்கங்களில் தங்கியிருந்த பொடியை இறகால் கொஞ்சம் கொஞ்சமாக ஒற்றி எடுத்தாள்.

"மூச்சுக் காத்துப் படாமப் பூவுக்குக் கொண்டு போடி" என்ற அன்னக்கொடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு சிலைபோல நின்றாள்.