திறக்காத பானெட்

மூன்று வாரமாக எங்கள் பழைய காரையே உள்ளங்கை அளவில் செய்துகொண்டிருந்தேன். மாடல் கார் கிட்டில் வந்த பாகங்களை அப்படியே ஒட்டிவிட்டுச் சும்மா இருக்க நான் என்ன சின்னப் பிள்ளையா? இடது கதவில் இருக்கும் கீறலைக்கூட ஊசி முனையால் போட்டேன். என்ஜின் வயர்களுக்குத் தையல் நூல்!

இன்று காலை பானெட்டை மாட்டியதும் மனைவியைக் கத்திக் கூப்பிட்டேன்.

"ஓடி வா! உள்ள என்ஜினைப் பாரு!"

தூக்கினேன். அசையவில்லை. என் அவசரத்தில் பசை கசிந்து விளிம்பெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தது. வந்த கோபத்தில் கையிலிருந்த இடுக்கியை வீசி எறிந்தேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நம்ம வண்டியும் இப்படித்தானே மக்கர் பண்ணும்? கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

வாசலில் நிற்கும் காரின் பானெட்டைத் தினமும் அவள்தான் திறப்பாள், முன்விளிம்பில் நடுவாக ஒரு குத்து விட்டு. இப்போது அதே இடத்தில் விரலால் ஒரு சுண்டு சுண்டினாள்.

டப்!

திறந்துகொண்டது. ஒரு நூல்கூட அறுபடவில்லை. நான் குதித்தே விட்டேன்.

"அச்சு அசல் நம்ம வண்டியேதாங்க," என்றாள். "என் கை பட்டாத்தான் சொன்னபடி கேக்குது."