வெள்ளிக்கிழமை வண்டி

என் புருஷன் ஜோஷ்வாவுக்கு வண்டி என்றால் கண் மண் தெரியாது. ஸ்டியரிங்கில் கை வைத்துவிட்டால் மனுஷன் உருகிப் போய்விடுவார். அதனால்தான் நானும் கூடவே கிளம்பினேன். தனியாக அனுப்பியிருந்தால் ஹாரனை அடித்துப் பார்த்து, சீட் கவரைத் தடவிப் பார்த்து, அட்வான்ஸையும் கொடுத்துவிட்டு வந்திருப்பார்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு உருக்கும் ஆலைக்குத் திங்கட்கிழமை முதல் மதியச் சாப்பாடு நாங்கள் போட வேண்டும். சமையல் என் பொறுப்பு, கொண்டு போய்ச் சேர்ப்பது அவர் பொறுப்பு. அதற்காகவே கம்பெனி பஸ் ஓட்டும் வேலையை விட்டிருந்தார். பன்னிரண்டு மணிச் சங்கு ஊதும்போது சோறு மேஜையில் இருக்க வேண்டும், ஒரு நாள் தவறினாலும் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று கேன்டீன் மேனேஜர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். ஷேர் ஆட்டோவை நம்பி அண்டா அண்டாவாகச் சாம்பார் ஏற்ற முடியுமா? எங்களுக்கு ஒரு பிக்கப் வண்டி வேண்டும். அன்றைக்குச் சனிக்கிழமை ஆகிவிட்டது.

மீஞ்சூரைத் தாண்டிக் கடல் பக்கமாகப் போகிற சாலையில் ஒரு கிராமம். அங்கே பூவராகவன் என்கிற பெரியவர், நெல் விவசாயி, நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வண்டியையும் விற்கப் போகிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். வண்டி அவர் வீட்டுக்குப் பக்கத்துக் களத்தில் நின்றிருந்தது. நீல வண்டி. பார்த்ததும் எனக்கே ஆசை வந்துவிட்டது, பொய் சொல்லக் கூடாது. கதவில் முகம் பார்த்துத் தலை வாரலாம். முன்கண்ணாடிக்கு மேலே மஞ்சளும் குங்குமமும் பளிச்சென்று இருந்தன.

"வாங்கின நாளுலேர்ந்து ஒரு வெள்ளிக்கிழமை தப்பினது இல்லம்மா" என்றார் பூவராகவன். "ஊட்டுக்காரி வாசல் தெளிப்பா, நான் வண்டி கழுவுவேன். மேல மட்டும் இல்ல. மேட்டுல ஏத்தி நிறுத்தி, அடியிலயும் மோட்டார் போட்டு ஹோஸ்ல அடிப்பேன். அப்பறந்தான் கற்பூரம்."

ஜோஷ்வா அதற்குள் உள்ளே ஏறி ஸ்டார்ட் செய்துவிட்டார். "மேரி, சத்தத்த கேளு. இன்னா மாதிரி வெச்சிக்கினு இருக்காரு பாரு."

"கீழ பாத்தியா?"

"ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எஃப்.சி. இப்பத்தான் முடிஞ்சிருக்குது. கீழ புது பெயின்ட்டு, கருகருன்னு இருக்குது."

"நான் பெயின்ட்ட கேக்கல. அதுக்கு உள்ள இன்னா இருக்குதுன்னு கேட்டேன்."

போன மழைக்காலத்தில் சோழவரம் பக்கம் ஒரு லோடு வண்டி நடு ரோட்டில் இரண்டாக மடிந்து கிடந்ததை நாங்கள் இருவரும் பார்த்தோம். வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம், அந்த சேசிஸ், துருப்பிடித்து ஒடிந்துவிட்டது என்றார்கள். டிரைவரைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து எனக்கு வண்டியின் முகத்தைப் பார்த்தால் போதாது. கொதிக்கிற ரசத்தையும் என் புருஷனையும் சேர்த்து ஏற்றி அனுப்பப் போகிறவள் நான்.

ஜோஷ்வாவுக்கு முதுகு வலி, குனிந்தால் நிமிர மாட்டார். ஒரு கோணிப்பையை விரித்து, புடவையைச் செருகிக்கொண்டு நானே அடியில் போனேன். பூவராகவன் சங்கடப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் கையில் வண்டியிலிருந்து எடுத்த ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவரும். அண்டா வாங்கும்போது தட்டிப் பார்ப்பேனே, அதே மாதிரி சேசிஸைத் தட்டிக்கொண்டே போனேன். முன்பக்கம் ணங் என்றது. நடுவில் ணங் என்றது. பின்சக்கரத்துக்கு மேலே, ஸ்பிரிங் பட்டை மாட்டியிருக்கும் இடத்தில், பொத் என்றது. இன்னொரு தரம் தட்டினேன். புது பெயின்ட் அப்பளம் மாதிரி உடைந்து, பழுப்புத் தூள் முகத்தில் கொட்டியது. ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினேன். உள்ளே இறங்கிவிட்டது.

வெளியே வந்தபோது என் வாயை யாராலும் பிடித்து வைத்திருக்க முடியவில்லை.

"ஏன் பெரியவரே, வயசுக்கு ஒரு ஞாயம் வேணாமா? மேல குங்குமம் வெச்சிட்டு கீழ பெயின்ட் அடிச்சி மூடினா ஆச்சா? இதுல ஏறிப் போற ஆளு ஊடு திரும்ப வேணாமா?"

"நான் இன்னாம்மா பண்ணேன்?" என்றார். முகத்தில் ஈயாடவில்லை. எஃப்.சி.க்கு ஊரில் எல்லா வண்டிக்கும் அடியில் கறுப்புப் பெயின்ட் அடிப்பார்கள், அதைத்தான் அடித்தேன் என்றார். நான் நம்பவில்லை. அவரே வேட்டியை மடித்துக் கட்டி அடியில் போனார். ரொம்ப நேரம் வரவில்லை. வந்தபோது உள்ளங்கை நிறைய துரு இருந்தது.

அந்த நேரத்தில் அவர் மனைவி ஜானகியம்மாள் தண்ணீர் கொண்டு வந்தார். எந்த டம்ளரில் வருகிறது என்று பழக்க தோஷத்தில் என் கண் போனது. வீட்டில் புழங்குகிற டம்ளர்தான்.

"வெயில்ல வந்துகினு சண்ட வேறயா, குடிம்மா. கேன் தண்ணிதான், பயப்படாத. எங்க ஊரு போர் தண்ணிய வாயில வெக்க முடியாது. கடலு உள்ள பூந்து எல்லாம் உப்பாயிட்ச்சி."

டம்ளர் என் வாய் வரை வந்து நின்றது. களத்து ஓரத்தில் வண்டி கழுவும் மேட்டைப் பார்த்தேன். கல்லெல்லாம் வெள்ளை பூத்துக் கிடந்தது. உப்பு பட்ட அலுமினியப் பாத்திரம் என்ன கதியாகும் என்று தினம் பார்க்கிறவள் நான்.

"வண்டிய எந்தத் தண்ணில கழுவுவீங்க?" என்று கேட்டேன்.

 பூவராகவன் ஹோஸைப் பார்த்தார், கையில் இருந்த துருவைப் பார்த்தார்.

"போர் தண்ணிலதாம்மா" என்றார். பிறகு மெதுவாக, "நானாம்மா இத அரிச்சேன்?"

எனக்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. பாவமாக இருந்தது. ஆசையாகக் கழுவிக் கழுவியே ஒரு வண்டியைக் கெடுத்த மனுஷரிடம் என்ன சொல்வது? ஜோஷ்வாதான் இறங்கி வந்து அவர் தோளைத் தொட்டார். "எஞ்சின் தங்கம், நைனா. அத யாரும் குத்தம் சொல்ல முடியாது" என்றார்.

அந்த நேரம் பார்த்துப் பூவராகவனின் போன் அடித்தது. பொன்னேரி புரோக்கர். அவர் குரல் எங்களுக்கே கேட்டது: நாளைக்கே எடுத்துக்கிறேன், கீழே மேலே பார்க்கிற பேச்சே இல்லை. பூவராகவன், அப்பறம் பேசுறேன் என்று வைத்துவிட்டார். சரி, யார் தலையிலோ கட்டிவிடுவார், நம் தலை தப்பியது என்றுதான் நான் நினைத்தேன்.

"உங்களுக்கு அவசரமா வண்டி வேணும் இல்ல?" என்றார் எங்களைப் பார்த்து. "நாலு ஊடு தள்ளி ரகுன்னு ஒருத்தன். அவனும் பெரிய வண்டி வாங்கப் போறான், இப்ப வெச்சிருக்கற பிக்கப்ப குடுத்துருவான். பெரியபாளையத்து செக்குலேர்ந்து கடலெண்ண டின்னு ஏத்தறவன். வண்டிக்குத் தண்ணியே காட்ட மாட்டான். தெனம் திட்டுவேன் அவன."

ரகுவின் வண்டியைப் பார்த்ததும் ஜோஷ்வாவின் முகம் தொங்கிவிட்டது. வெள்ளை வண்டி என்று ஆர்.சி.யில் போட்டிருந்ததால் நம்பினோம். சீட்டில் பஞ்சு வெளியே வந்திருந்தது. ஹாரன் இருமியது. ஆனால் நான் கோணிப்பையை விரித்து அடியில் போனபோது கடலை எண்ணெய் வாசனை கம்மென்று வந்தது. டின்களிலிருந்து ஒழுகி ஒழுகி, சேசிஸ் முழுக்க எண்ணெயும் புழுதியும் தடிமனாகப் படிந்திருந்தது. சுரண்டிப் பார்த்தால் உள்ளே இரும்பு புதிது மாதிரி மின்னியது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தட்டினேன். எல்லா இடமும் ணங்.

"இதுவா மேரி?" என்றார் ஜோஷ்வா, அழாத குறையாக.

"இதேதான். மூஞ்சிய பாத்தா உன்ன கட்டிக்கினேன்?"

ரகு விழுந்து விழுந்து சிரித்தான். பேரம் அங்கேயே படிந்தது.

திங்கட்கிழமை சங்கு ஊதுவதற்கு முன்பே சோறு, சாம்பார், ரசம், பொரியல் எல்லாம் மேஜையில் இருந்தன. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தட்டை எடுத்துக்கொண்டார். எனக்கு அது போதும். ஜோஷ்வாவும் இரண்டு நாளில் அந்த வண்டிக்குப் பழகி, அதோடு பேச ஆரம்பித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை அண்டாவை இறக்கும்போது ஆலையின் பழைய இரும்புக் குவியல் பக்கம் திரும்பினேன். எடை போடும் மேடையில் ஒரு டிராக்டர், அதற்குப் பின்னால் கயிறு கட்டி இழுத்து வந்த நீல வண்டி. பக்கத்தில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பூவராகவன்.

ஓடிப் போய்க் கேட்டேன். "புரோக்கர் கேட்டாரே, குடுக்கலியா?"

"கேட்டான். எஞ்சின மட்டும் ஒரு மெக்கானிக்குக்குக் குடுத்துட்டேன். வண்டியா குடுத்தா அவன் யாருக்காச்சும் விப்பான், அந்த ஆளு புள்ளகுட்டிய ஏத்திக்கினு போவான். கீழ பூந்து பாத்தப்பறம் எப்டிம்மா குடுக்கறது?"

என்ன மாதிரிப் பேசிவிட்டேன் இவரை என்று வெட்கமாக இருந்தது. கையைப் பிடித்துக் கூட்டிவந்து, சங்கு ஊதும் முன்பே முதல் தட்டு அவருக்குப் போட்டேன். வேண்டாம் வேண்டாம் என்றவர் இரண்டாவது தரம் ரசம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அங்கிருந்தே நீல வண்டி தெரிந்தது. அந்தத் துருத் தூசிக்கு நடுவிலும் அது மின்னிக்கொண்டிருந்தது. குங்குமம்கூட ஈரமாக இருந்தது.

"காலைல கழுவினீங்களா?" என்று கேட்டேன்.

"வெள்ளிக்கிழமையாச்சேம்மா" என்றார், இலேசாகச் சிரித்துக்கொண்டு. "ஆனா இந்த வாட்டி கேன் தண்ணில."