லேப்-2, வழக்கம்போல முதலில்

லேப் அக்காவுக்கு எதையும் முழுசாகக் கேட்கிற பொறுமை கிடையாது. எதிரில் நிற்பவர் பாதிப் பேச்சில் இருக்கும்போதே மீதியை இவளே சொல்லி முடித்துவிடுவாள். பெரும்பாலும் சரியாகவே சொல்லித் தொலைப்பாள், அதுதான் கொடுமை. மகளைப் பல் வைத்தியரிடம் கூட்டிப் போனால், எந்தப் பல் வலிக்கிறது என்று அவர் மகளைத்தான் கேட்பார். கீழ்வரிசை, இடது பக்கம், கடைசிக்கு முந்தியது என்று தாயிடமிருந்து பதில் வரும். மேல்வரிசை என்று சொல்ல வந்த மகள் திறந்த வாயோடு கிடப்பாள். வலிக்காத பல்லை அவர் கால் மணி நேரம் தட்டிப் பார்த்த கதையும் உண்டு.

மகளுக்கு வீட்டில் அவள் வைத்திருந்த பெயர் ஆமை. அந்தப் பெண் மந்தமில்லை. ஒன்றைக் கேட்டால் மனசுக்குள் ஒரு சுற்றுப் போய்விட்டுத்தான் வாயைத் திறப்பாள், அவ்வளவுதான். அந்தச் சுற்று முடியும்வரை காத்திருக்க அவளைப் பெற்றவளால் முடியவில்லை.

கல்லூரியின் இரண்டாம் கணினிக்கூடத்தில் அக்காவுக்கு உதவியாளர் வேலை. காலையில் கதவைத் திறப்பது, விசைப்பலகைகளைத் தலைகீழாகத் தட்டித் தூசி உதிர்ப்பது, செத்துப்போன மவுஸை மாற்றுவது, மாலையில் எண்ணிப் பார்த்துப் பூட்டுவது. இப்படிப் பதினெட்டு வருஷம். இடையில் தபால் வழியில் படித்து முதல் வகுப்பில் தேறிய பட்டம் ஒன்று அலமாரியின் அடித்தட்டில் தாளுக்குக் கீழே கிடந்தது. அப்படி ஒன்று இருக்கிறதா என்று கல்லூரியில் ஒரு ஆத்மா கேட்டதில்லை. மாணவர்களுக்கு அவள் லேப் அக்கா. கணவன் இறந்த பிறகு, ஊழியர் பிள்ளை என்ற சலுகையில் மகளை அதே கல்லூரியில் சேர்த்தபோது, முதல் நாளே வாசலில் நிறுத்தி ஒரு உத்தரவு போட்டாள்.

"இங்க என்னை அம்மான்னு கூப்பிடக்கூடாது. எல்லாரையும் போல அக்கான்னு கூப்பிடு. அம்மா இருக்கறதால மார்க் வருதுன்னு எவனும் பேசக்கூடாது."

மகள் யோசித்துவிட்டுத் தலையாட்டினாள். கேட்டின் உள்ளே அக்கா, வெளியே அம்மா என்று மூன்று வருஷம் பிசகாமல் கூப்பிட்டாள்.

கடைசி வருஷத்தில் அந்த வெபினார் வந்தது. வீட்டு இயந்திரங்கள் விற்கும் பெரிய கம்பெனி ஒன்று, புகார் கேட்கும் பிரிவில் தன் ஆட்களுக்குக் கொடுத்துவந்த பயிற்சியைப் பதினோரு கல்லூரிகளுக்கு இணைய வழியில் நீட்டியது. வாரம் இரண்டு மதியங்கள், பத்து வாரம். கல்லூரிக்கு ஒரே ஒரு இணைப்பு. அறுபது பேரை இரண்டாம் கூடத்தில் உட்கார வைத்து, சுவரில் படத்தை விழவைத்து, அக்காவை மவுஸோடு மூலையில் உட்கார வைத்தார்கள். பெயர் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று யாரும் சொல்லவில்லை. கணினியின் தலையில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து லேப்-2 என்று அவள் தட்டிவிட்டாள். ஆகவே அந்தப் பக்கம் இருந்த பயிற்சியாளருக்கு, அறுபது பிள்ளைகளும் ஒரு அக்காவும் சேர்ந்து லேப்-2 என்ற ஒரே ஆள்.

பயிற்சியாளர் வாய்ச்சாலக்காரர். முதுகுக்குப் பின்னால் பொய்யாக ஒரு புத்தக அலமாரி. அவர் அசையும்போதெல்லாம் காதோரம் கொஞ்சம் கரைந்துபோகும். ஒவ்வொரு வகுப்பிலும் ஐந்து கேள்விகள் திரையில் வரும், நான்கு விடைகளோடு. இருபது நொடிக்குள் ஒன்றைச் சொடுக்க வேண்டும். வகுப்பில் கேட்டு, கை தூக்கச் சொல்லி, அதிகம் பேர் சொன்னதை அழுத்துங்கள் என்பது ஏற்பாடு. கூட இருந்து அதைச் செய்யவேண்டிய ஆசிரியர், வருகைப் பதிவு எடுத்த கையோடு டீ குடிக்கப் போய்விடுவார். அந்த டீ நான்கு மணிவரை ஆறாது.

முதல் இரண்டு வாரம் அக்கா ஒழுங்காகத்தான் கேட்டாள். பாதிப் பேர் தூக்கத்தில், மீதிப் பேர் கைபேசியில். யாராவது ஒருவன் கை தூக்குவதற்குள் இருபது நொடி ஓடிவிடும். பதினோரு கல்லூரிப் பட்டியலில் லேப்-2 ஒன்பதாவதாகக் கிடந்தது. அந்தப் பட்டியலைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்றாவது வாரம் யாரையும் கேட்காமல் தானே அழுத்தினாள். ஐந்துக்கு ஐந்து.

"பரவாயில்லையே, லேப்-டூ முழிச்சுக்கிட்டாங்க" என்றார் பயிற்சியாளர்.

அடுத்த வாரம் லேப்-2 முதலிடத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு அங்கிருந்து இறங்கவே இல்லை. விடையோடு வேகத்தையும் கம்பெனி அளந்தது. வேகம் அவளுக்குப் பிறவிக் குணம். கேள்வியைப் பாதி படிக்கும்போதே விரல் அழுத்திவிடும். "லேப்-டூ, வழக்கம்போல முதல்ல" என்று அவர் சொல்லும்போது அவளுக்குத் தலைகால் புரியாது. பதினெட்டு வருஷத்தில் ஒரு வாயிலிருந்து வந்த ஒரே பாராட்டு அது. இரவல் பாராட்டு என்று தெரிந்தும் அள்ளிக்கொண்டாள். வெபினார் இருக்கும் நாட்களில் நல்ல புடவை கட்டினாள். கேமரா அவள் பக்கம் திரும்பியதே இல்லை, ஆனாலும் கட்டினாள்.

பிள்ளைகளுக்கும் வசதியாகப் போயிற்று. தூங்குங்கடா, நான் பார்த்துக்கிறேன் என்று அவளே சொன்னாள். மூன்றாவது வரிசையில் ஒருத்தி மட்டும் தூங்கவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். ஐந்தாவது வாரம் ஒரு கேள்விக்கு, பத்து நொடி யோசித்துவிட்டு, கையைத் தோள்வரை தூக்கினாள். அக்கா அதைப் பார்த்தாள். அழுத்தி எட்டு நொடி ஆகியிருந்தது.

அன்று பஸ் ஸ்டாப்பில் மகள் மெல்ல ஆரம்பித்தாள். "இன்னைக்கு நான் கை தூக்கினேன்மா."

"பார்த்தேன். தப்பாச் சொல்லியிருப்பே."

"நீ கேக்கவே இல்லையே."

"ஆமை கிட்டக் கேட்டுட்டு உக்காந்தா பஸ்ஸே போயிடும்" என்று சொல்லிச் சிரித்தாள் பெற்றவள். பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன்களும் சிரித்தார்கள். மகள் அதற்கப்புறம் கை தூக்கவில்லை.

பத்தாவது வாரம் கம்பெனி ஒரு அறிவிப்பு செய்தது. முதலிடம் பிடித்த கல்லூரியிலிருந்து ஒரு மாணவருக்கு நேரடியாக வேலை; அடுத்த மாதமே சேரலாம். ஆனால் வெபினாரிலேயே, பதினோரு கல்லூரியும் பார்க்க, ஐந்து கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். அந்த ஆள் நன்றாகச் செய்தால் மற்ற ஐம்பத்தொன்பது பேரையும் நேர்காணலுக்குக் கூப்பிடுவார்கள். முதல்வர் கூடத்துக்கே இறங்கி வந்தார். வகுப்பில் பதில் சொல்லிக்கொண்டிருந்தது யார் என்று கேட்டார். அறுபது பேரும் திரும்பி அக்காவைப் பார்த்தார்கள். அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"மூணாவது வரிசையில அந்தப் பொண்ணு சார்" என்றாள்.

வீட்டில் மகள் அழுதாள். தான் ஒரு கேள்விக்குக்கூடப் பதில் சொல்லவில்லையே என்றாள். தனக்கு வேலை வேண்டும்தான், ஆனால் இப்படி வேண்டாம் என்றும் சொல்லவந்தாள். பாதியிலேயே அம்மா அதை வாங்கி முடித்தாள். வேறு எவனோ ஒரு தூங்குமூஞ்சிக்கு என் மதிப்பெண்ணைத் தாரை வார்ப்பேனா என்றாள். நீ கேமராவைப் பார்த்து உட்கார், நான் கேமராவுக்குப் பின்னால் அட்டையில் ஏ, பி, சி, டி காட்டுகிறேன், அதைப் பார்த்துச் சொல்லு போதும் என்றாள். மகள் யோசித்தாள். அவள் யோசித்து முடிப்பதற்குள் அம்மா அட்டைகளை எழுதி முடித்திருந்தாள்.

அந்த நாளில் கூடம் நிரம்பி வழிந்தது. முதல்வர் முன்வரிசையில். டீக்குப் போகும் ஆசிரியர்கூட வந்திருந்தார். மகளை நடுவில் உட்கார வைத்து, மூலையில் அக்காவின் மேசைமேல் இருந்த கேமராவை அவள் பக்கம் திருப்பினார்கள். கையெல்லாம் மேசைமேல் தெரியவேண்டும் என்றார் பயிற்சியாளர். அவள் வாயால் சொல்லவேண்டும், மூலையில் இருப்பவர் அதைக் கேட்டு அழுத்தவேண்டும். லேப்-டூவின் முகத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று அவர் மனசாரச் சொன்னார். மூலையில் இருந்த முகம் சிவந்தது.

முதல் கேள்வி. எல்லார் கண்ணும் சுவரில் இருக்கும்போது மூலையில் அட்டை உயர்ந்தது. மகள் படித்தாள், அக்கா அழுத்தினாள். இரண்டாவதும் அப்படியே, மூன்றாவதும் அப்படியே. நான்காவதில் பயிற்சியாளர் கைதட்டினார். மகளின் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்துகொண்டிருந்தது. முதல்வர் பக்கத்தில் இருந்தவரிடம், நம்ம வளர்ப்பு அப்படி என்றார்.

ஐந்தாவது கேள்வி திரையில் விழுந்தது. ஒரு வாடிக்கையாளர் குறையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதற்கான தீர்வு உங்களுக்கு முன்பே தெரியும். என்ன செய்வீர்கள்? ஏ, உடனே தீர்வைச் சொல்வேன். பி, அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்பேன். சி, மேலதிகாரிக்கு மாற்றுவேன். டி, எழுதி அனுப்பச் சொல்வேன்.

மகள் அட்டையைப் பார்க்கவில்லை. அன்று முதல் தடவையாக நிமிர்ந்து நேரே கேமராவைப் பார்த்தாள். முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. போச்சு, உறைந்துபோய்விட்டாள், இங்கே பார்க்கவே மாட்டேன் என்கிறாள் என்று அக்கா நினைத்தாள். அட்டையை ஆட்டினாள். மகள் திரும்பவில்லை. கடிகாரத்தில் பதினாறு நொடி பாக்கி. எண்பது கேள்விகள் பழக்கிய விரல், பி-யை அழுத்திவிட்டது.

திரையில் பி பச்சையாக மின்னியது. மகளின் உதடு அப்போதுதான் பிரிந்திருந்தது.

"ஒரு நிமிஷம்" என்றார் பயிற்சியாளர். "பொண்ணு இன்னும் வாயே திறக்கலையே. யாரும்மா பதில் சொன்னது?"

மகள் மூலையைப் பார்த்தாள். யோசித்தாள். இந்தத் தடவை குறுக்கே விழ யாருமில்லை.

"லேப் அக்கா சார்."

கேமராவை அந்தப் பக்கம் திருப்பச் சொன்னார் அவர். யாரோ திருப்பினார்கள். நல்ல புடவையும், மடியில் நான்கு அட்டைகளும், கையில் மவுஸுமாக அவள் பதினோரு கல்லூரிச் சுவர்களிலும் விழுந்தாள். அக்கா எந்த வருஷம் படிக்கிறீங்க என்று அவர் கேட்டார். எங்கோ ஒரு கல்லூரியில் சிரிப்பு வெடித்தது, பிறகு எல்லா இடத்திலும். அதிகம் சிரித்தது, அவள் தூங்கச் சொன்ன ஐம்பத்தொன்பது பேர்தான்.

அவள் எழுந்து நின்றாள். அட்டைகள் தரையில் விழுந்தன. "எண்பது கேள்வி சார். எல்லாம் நான்தான் சொன்னேன். ஒண்ணுகூடத் தப்பில்ல." இதைச் சொன்னால் அவருக்குப் புரிந்துவிடும் என்று அந்தப் பைத்தியக்காரி உண்மையாகவே நம்பினாள்.

"உங்களை யாரும்மா கேட்டாங்க?" என்றார் அவர். கோபம்கூட இல்லை, அலுப்புதான் இருந்தது. "இது உங்களுக்காக நடத்தலையே." பிறகு லேப்-2-இன் பெயருக்குப் பக்கத்தில் இருந்த மைக்கின்மேல் சிவப்புக் கோடு விழுந்தது. அவள் இன்னும் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்த இடத்தில் இருந்த கல்லூரியை அவர் அழைத்தார்.

அரை மணி நேரத்தில் கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தது. லேப்-2 பட்டியலிலிருந்து நீக்கம். ஒருவருக்கும் நேர்காணல் கிடையாது. முதல்வர் அவளைப் பார்த்துக் கத்தவில்லை. கூடத்தின் சாவியை மேசைமேல் வைக்கச் சொன்னார். நாளை முதல் பழைய தாள்கள் கிடக்கும் அறைக்குப் போகச் சொன்னார். வெளியே வரும்போது தூணோரம் நின்ற பையன்கள், லேப்-டூ வழக்கம்போல முதல்ல என்று அந்தப் பயிற்சியாளரின் குரலிலேயே சொன்னார்கள். அவர்களில் ஒருவனுக்கு அந்தக் கம்பெனியில் வேலை கிடைக்காவிட்டால் வீட்டில் கஷ்டம் என்பது அவளுக்குத் தெரியும். அவன்தான் சத்தமாகச் சொன்னான்.

பஸ்ஸில் இருவரும் தனித்தனி இருக்கையில் உட்கார்ந்தார்கள். கேட்டைத் தாண்டி வெகுதூரம் வந்தாயிற்று, வீட்டுக்கும் வந்தாயிற்று. மகள் காலைக் கழுவிவிட்டுத் தட்டை எடுத்து வைத்தாள். சாப்பிடும்போது அம்மாவால் பொறுக்க முடியவில்லை.

"நீ பாட்டுக்கு அப்படி முழிச்சுக்கிட்டு உக்காந்தியே. டைம் வேற ஓடுது. நான் என்னதான் பண்ண முடியும், உனக்குத்தான் பதில்..."

வாழ்நாளில் முதல் தடவையாக அவளே நிறுத்திக்கொண்டாள். மகள் சோற்றைப் பிசைந்தபடி மனசுக்குள் ஒரு சுற்றுப் போய்வந்தாள். சுவர்க் கடிகாரம் ஓடியது. அம்மா காத்திருந்தாள்.

"அது எனக்குத் தெரிஞ்ச பதில்தான்க்கா" என்றாள் மகள்.