நாற்காலியில் இருக்கும்வரை

சண்டையிலிருந்து திரும்பி வந்தவனுக்குச் சவரம் இலவசம் என்று சலூன்காரர் சொன்னதும் தெருவே வாயைப் பிளந்தது. சொந்த மச்சானிடமே சில்லறை குறையாமல் கறக்கிற மனுஷன்! முறைப்பில் மட்டும் என்ன குறைச்சல்? தன் மேல் கேஸ் போட்ட பங்காளியை நாற்காலியில் உட்காரவைத்துப் பூப்போல மழித்துவிட்டு, அவன் எழுந்த மறுநொடி பளாரென்று அறைந்தவர்.

வந்தவனுக்குத் தெருவில் பெயர் ஒட்டடைக்கம்பு. அவர் மகனோடு பட்டாளத்துக்குப் போய், அவனோடேயே பிடிபட்டு, எதிரியின் முகாமில் அடைபட்டவன். பையன் காய்ச்சலில் போய்ச்சேர்ந்தான் என்று சேதி கொண்டுவந்தவனும் அவன்தான். செத்துப்போன மகனுக்குப் பத்தொன்பது வயசு. ஓயாத வாய்; அதில் முன்பல் ஒன்று கிடையாது. சின்னதில் இதே நாற்காலியிலிருந்து குதித்து உடைத்துக்கொண்டது.

ஒட்டடைக்கம்பு உட்கார்ந்தான். வேண்டாமென்றால் ஏனென்று தெரு கேட்குமே.

ஒரு கன்னம் முடிந்தது. சலூன்காரர் தாடையைத் தூக்கியபோது, போர்த்திய துணியிலிருந்து அவன் கை வெளியே நழுவியது. மணிக்கட்டுக்கு மேல் கடித்த தழும்பு. பல் பல்லாகப் பதிந்திருக்க, நடுவே ஒரு பல்லின் இடம் மட்டும் காலி.

கத்தி தொண்டையிலேயே நின்றது.

"காய்ச்சல்ல கிடக்கிறவன் இப்படிக் கடிப்பானா தம்பி?"

எச்சில் விழுங்கவும் அவனுக்குப் பயம்.

"முகாம் அதிகாரிக்குச் சவரம் பண்ண உங்க பையனைத்தான் கூப்பிட்டாங்க மாமா. எங்காளுங்க நாலு பேரை நிக்கவச்சுச் சுட்டவன் அந்த அதிகாரி. கழுத்தை அறுத்துட்டு வாடான்னு சொல்லி அனுப்பினோம். இவன் மழமழன்னு மழிச்சுட்டு வந்து நிக்கிறான். 'நாற்காலில உட்கார்ந்தவன் மேல கைவைக்கக் கூடாது, எங்கப்பா சொல்லியிருக்காரு'ங்கறான்."

"அதுக்கு?"

"துரோகின்னு அடிச்சோம். செங்கல்லால. சத்தம் வெளிய கேட்டுடும்னு நான் அவன் வாயைப் பொத்தினேன். கடிச்சான். மண்டை பிளக்கற வரைக்கும் நான் கையை எடுக்கல."

சலூன்காரர் காதே கேட்காதவர்போல மறு கன்னத்துக்குப் போனார். ஒரு கீறல் விழவில்லை. முகத்தைத் துடைத்துவிட்டு, கத்தியை மடக்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"முடிஞ்சுது. எழுந்திரு."

ஒட்டடைக்கம்பு எழவில்லை. கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டான். வாசலில் முறைக்குக் காத்திருந்த தபால்காரர், "என்னப்பா, அங்கேயே குடித்தனம் வச்சுட்டானா?" என்று எட்டிப் பார்த்தார். சலூன்காரர் முகத்தைக் கண்டதும் அவருக்கு அவசர வேலை ஞாபகம் வந்தது; ஆனால் ஜன்னல்வரைக்கும்தான் போனார்.

எதிர்க் கண்ணாடியில் ஒட்டடைக்கம்பு தன் முகத்தைப் பார்த்தான். வழவழவென்று, அன்றைக்கு அந்த அதிகாரியின் முகம் இருந்த மாதிரியே இருந்தது. அதற்குமேல் உட்கார முடியவில்லை. எழுந்தான்.

கத்தி தீட்டும் தோல்வாரின் இரும்புக் கொக்கி முதல் வீச்சிலேயே உதட்டைக் கிழித்தது. அடுத்தது புருவம். கீழே விழுந்தவனை விலாவில் மிதித்தார். ஸ்டூலைத் தூக்கித் தழும்புக் கையின் மேல் இறக்கினார். எலும்பு முறிந்த சத்தம் தபால்காரருக்கே கேட்டது. ஒட்டடைக்கம்பு தடுக்கவுமில்லை, கத்தவுமில்லை. ஸ்டூல் மறுபடி உயர்ந்தது, இந்தத் தடவை மண்டைக்கு நேராக. அந்தரத்திலேயே நின்றது.

அதை மூலையில் வீசினார். அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"நாற்காலில ஏறுடா! ஏறித் தொலை, கொன்னுடப் போறேன்!"

அவனால் ஏற முடியவில்லை. அவரே அக்குளில் கைகொடுத்துத் தூக்கி உட்காரவைத்தார். பிறகு படிகாரத்தை நனைத்து, கிழிந்த உதட்டில் வைத்து அழுத்தினார்.