மேல்பட்டை மட்டும்

அளவைக்காரர் நிலம் பார்க்க வந்த அன்று மழை பெய்ததா என்பதே எனக்குச் சரியாக நினைவில்லை. எல்லோரும் ஈரக் காலோடு நின்றதாகத் தோன்றுகிறது; அது ஓடையில் இறங்கிய ஈரமாகவும் இருக்கலாம். மற்றதை நம்பிச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

ஊரில் குத்தகை நிலம் கைவிட்டுப் போனபின், அக்காவும் அத்தானும் நானும் காட்டோரம் வந்து குடியேறியிருந்தோம். திருத்திய நிலத்துக்குத்தான் பட்டா என்பது அங்கே சட்டம். மரம் நிற்கிற இடம் ஆளில்லாத இடம். யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். எங்கள் பயிருக்குத் தண்ணீர் தந்த ஓடையோ, மேட்டிலிருந்த மரக்கூட்டத்தில்தான் ஊறியது. அதைத் தொட அக்கா விடவில்லை. பக்கத்து நிலத்து ரம்பக்காரர் அவளைப் பார்க்கும்போதெல்லாம், மரங்களுக்கு எப்போது கல்யாணம் என்று கேட்பார்.

பெரிய மரங்களை அங்கே வெட்டிச் சாய்ப்பதில்லை. அடிமரத்தில் பட்டையை வளையமாக உரித்துவிட்டால் நின்றபடியே காய்ந்துவிடும். வளையம் போட்ட இடத்தை அளவைக்காரர்கள் திருத்திய நிலமாகவே ஏற்றுக்கொள்வார்கள். அக்காவுக்கு அதில் ஒரு வழி தெரிந்தது. மேல்பட்டையை மட்டும் சீவச் சொன்னாள். பாம்பும் சாகாமல் கம்பும் உடையாமல் என்று சிரித்துக்கொண்டே அத்தான் சீவினார்.

அளவைக்காரர் வந்தார். நல்ல மனிதர். அக்கா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, ஓடைத் தண்ணீரா என்று கேட்டார். பிறகு ஒரு மரத்தின் வளையத்தை நகத்தால் சுரண்டினார். உள்ளே பச்சை.

"இது ஆறிடும்மா," என்றார்.

அவர் நகத்தைத் துடைத்துக்கொண்டு மேட்டைப் பார்த்தார்.

"இந்த மேட்டை ஒரு கம்பெனியும் கேட்டிருக்கு. எனக்குப் பின்னாடி இன்னொருத்தர் வந்து பாப்பாரு. அவங்க கைக்குப் போனா மரம் மட்டுமா போகும்?"

அக்காவைக் கேட்காமல் ஒரு விதைகூட ஊன்றாதவர் அத்தான். அவள் முகத்தைப் பார்த்து, "நானே போடட்டுமா?" என்றார்.

"நீங்க மறுபடியும் மேலாத்தான் சீவுவீங்க."

அரிவாளை வாங்கிக்கொண்டு அவள் ஒவ்வொரு மரமாகச் சுற்றி வந்தாள், இந்த முறை ஆழமாக. அளவைக்காரர் எங்களுக்கு முதுகு காட்டி நின்றார். பாதி ஆனதும், "போதும்மா, நான் எண்ணப் போறதில்ல," என்றார்.

"அடுத்து வர்றவரு எண்ணுவாருல்ல," என்று அக்கா அடுத்த மரத்துக்குப் போனாள்.

பட்டா எங்களுக்கு வந்தது. மரங்கள் கொஞ்ச காலம் இலையோடு நின்று, பிறகு காய்ந்தன. இப்போது கோடையில் ஓடை ஓடுவதில்லை. ரம்பக்காரர் நிலத்தை விற்றுவிட்டு, காடு மிச்சமிருக்கிற இடம் தேடிப் போய்விட்டார். அளவைக்காரர் மாற்றலாகிப் போனார். அத்தான் இறந்துவிட்டார். நான் நகரத்தில் கட்டட வேலை பார்க்கிறேன். அக்கா அங்கேயே மரவள்ளி போடுகிறாள்; தண்ணீரைக் கீழேயிருந்து சுமந்து வருகிறாள்.