நவாப் ஏன் விற்கவில்லை

நவாப் ஏன் விற்கவில்லை என்பதற்குப் பதினோரு காரணங்கள் இருப்பதாகச் சென்னையிலிருந்து வந்திருந்த ஆலோசகர் திரையில் காட்டினார். ஒவ்வொன்றுக்கும் தனி நிறம் கொடுத்திருந்தார். சந்தை இன்னும் பக்குவப்படவில்லை என்பது பச்சை. எல்லாரும் செல்போனிலேயே சும்மா விளையாடிவிடுகிறார்கள் என்பது மஞ்சள். கடைசிக் காரணம் சிவப்பு. அதில் 'விளையாட்டுகள் ஈர்க்கவில்லை' என்று இருந்தது. சிவப்பு வந்ததும் மேசையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் ஒரே பக்கமாகத் திரும்பினார்கள். அந்தப் பக்கத்துக் கடைசி நாற்காலியில் மேகலா உட்கார்ந்திருந்தாள். நவாப்புக்குள் இருந்த ஐந்து விளையாட்டுகளையும் எழுதியவள் அவள்தான்.

தரக்கட்டுப்பாட்டு மேலாளர் பிரேம்நாத் மட்டும் திரும்பவில்லை. தன் முன்னால் வைத்திருந்த முந்திரி பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆம்பூரில் ஷூ செய்து ஐரோப்பாவுக்கு அனுப்பும் கம்பெனி அது. முதலாளியின் மகன் சுஹேல் அகமது லண்டனில் படித்து முடித்து, ஒரு பட்டத்தோடும் ஒரு வாக்கியத்தோடும் திரும்பி வந்தார். "நாம விக்கிறது ஷூ இல்லை, ஸ்பரிசம்" என்பது அந்த வாக்கியம். ஷூவில் மட்டும் ஸ்பரிசத்தை விற்றால் போதாது என்று அவருக்குத் தோன்றியது. அப்படிப் பிறந்ததுதான் நவாப். உள்ளங்கையில் அடங்கும் வீடியோ கேம் கருவி. நடுவில் திரை, இரண்டு பக்கமும் பொத்தான்கள், வெளியே முழுக்க அசல் தோல். வேறு ஊர்க்காரனுக்கு வீடியோ கேமைப் பார்த்தால் விளையாடத் தோன்றும். ஆம்பூர்க்காரனுக்கு இதற்கு ஏன் இன்னும் தோல் போடாமல் வைத்திருக்கிறார்கள் என்று தோன்றும்.

ஷூ தொழிலில் இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒன்று, சீல் சாம்பிள். வாங்குகிறவர் ஒரு ஜோடியைத் தடவிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு, அதைப் பையில் போட்டு ஒட்டிவிட்டால் அப்புறம் அதுதான் சட்டம். ஆயிரக்கணக்கில் செய்தாலும் அந்த ஒன்றைப் போலவே இருக்க வேண்டும். நவாப்பின் சீல் சாம்பிளில் பேட்டரி இல்லை. உள்ளே வெறும் பிளாஸ்டிக் கட்டிதான் இருந்தது. சுஹேல் அகமது அதைக் கன்னத்தில் வைத்துத் தேய்த்து, முகர்ந்து பார்த்து, கண்ணை மூடித் திறந்து கையெழுத்துப் போட்டார். ஃபோட்டோ எடுத்தார்கள்.

இன்னொன்று, வேர் டிரையல். புது ஷூவை ஓர் ஆள் சில வாரம் போட்டுக்கொண்டு நடந்து, கடிக்கிறதா, பிரிகிறதா என்று சொல்ல வேண்டும். நவாப்பைப் போட்டுக்கொண்டு நடக்க முடியாது. அதனால் பிரேம்நாத்திடம் கொடுத்து, "வெச்சிகிட்டு சுத்துங்க சார்" என்றார்கள். அவரும் ஸ்கூட்டர் டிக்கியில் வைத்துக்கொண்டு சுற்றினார். மார்க்கெட்டுக்குப் போனார், சர்ச்சுக்குப் போனார், வேலூரில் மச்சான் வீட்டு நிச்சயதார்த்தத்துக்குப் போனார். மாசம் முடிந்ததும் எடுத்துப் பார்த்தார். தையல் பிரியவில்லை, ஓரம் தூக்கவில்லை. ஓகே என்று எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு மாசத்தில் ஒரு தடவைகூட அவர் அதை ஆன் செய்யவில்லை.

ஆன் செய்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. மேகலா சொல்லியிருந்தாள்.

அவள் சோளிங்கர்ப் பெண். வேலைக்குச் சேர்ந்த முதல் மாசமே தோல் போர்த்திய நவாப்பை எடுத்துக்கொண்டு அவர் அறைக்கு வந்தாள்.

"சார், இதை அரைமணி நேரம் வெளையாடினா சூடாவுது. சூடானா நாறுது."

"அது லெதர் வாசனைம்மா."

"லெதர் இல்லை சார். தோலை ஒட்டறாங்களே, அந்த சொல்யூஷன். தலைய வலிக்குது."

"புதுசா வர்றவங்க எல்லாம் இப்பிடித்தான் சொல்லுவாங்க. ரெண்டு மாசத்துல பழகிடும்."

தையல் பிரிவு சூப்பர்வைசர் ஆரோக்கியமேரி அப்போது அங்கே இருந்தாள். "எம் மருமவ கூட மொதல்ல மூக்கைப் பொத்திகினுதான் உள்ள வந்தா. இப்ப அவதான் ஷூக்குள்ள உள்ளட்டை ஒட்டறா. பாட்டு வேற பாடிகினே ஒட்டறா" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். மேகலாவும் மரியாதைக்குச் சிரித்தாள். அடுத்த வாரம் மறுபடி வந்து சொன்னாள். அவரும் மறுபடி அதையே சொன்னார். அதற்குப் பிறகு அவள் வரவில்லை. பழகிவிட்டது போல என்று அவர் நிம்மதியாக இருந்தார்.

நவாப் பெங்களூர், புனே, கோயம்புத்தூர் என்று போனது. போன வேகத்தில் திரும்பியும் வந்தது. விளையாட்டு நன்றாக இருக்கிறது, ஆனால் கொஞ்ச நேரத்தில் வீடே நாறுகிறது என்று நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். சுஹேல் அகமது அதைப் படித்துவிட்டுக் கொஞ்சமும் கலங்கவில்லை. "எல்லாம் ரெக்ஸின்ல வளந்த மூக்குங்க. அதுங்களுக்கு ஒரிஜினல் தெரியாது" என்று ஒதுக்கிவிட்டார். தோலில் குறை இருக்க முடியாது என்று ஆன பிறகு, குறை சொல்ல மிச்சம் இருந்தது உள்ளே இருந்த விளையாட்டுதான்.

"ஸோ, கேம் டீமை ரீஸ்ட்ரக்சர் பண்ண வேண்டி இருக்கு. பெர்சனலா எடுத்துக்காதீங்க" என்று அன்றைய கூட்டத்தில் சொன்னார் சுஹேல் அகமது.

கேம் டீம் என்பது மேகலா ஒருத்திதான். பெர்சனலாக எடுத்துக்கொள்ளாமல் இருப்பது அவளுக்குச் சிரமமாகத்தான் இருந்திருக்கும்.

"சார், கேம் நல்லா இருக்குன்னுதான எழுதி இருக்காங்க" என்றாள்.

"நல்லா இருந்தா ஏம்மா திருப்பி அனுப்பறான்?"

அவள் பிரேம்நாத்தைப் பார்த்தாள். பார்த்தது ஒரு நொடிதான். பிரேம்நாத் பிஸ்கட்டைத் தள்ளி வைத்தார். தண்ணீர் குடித்துவிட்டு எழுந்தார்.

"சார், ஒரு விஷயம். அதுல ஒரு... துர்நாற்றம் தொடர்பான அம்சம் கவனிக்கப்பட்டது."

"யாரால?"

"பொதுவா சார்."

"எப்ப?"

"அப்பப்ப."

முந்தின நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்து அவர் மனசுக்குள் தயார் செய்த வாக்கியம் அது. அதில் மேகலாவும் இல்லை, அவரும் இல்லை. நாற்றம் மட்டும் தன்னந்தனியாக வந்து கவனிக்கப்பட்டுவிட்டுப் போனது.

சுஹேல் அகமது நியாயமான மனிதர். "சரி, டெஸ்ட் பண்ணிடலாம்" என்று ஆளுக்கொரு நவாப்பைக் கொண்டுவரச் சொன்னார். அந்தக் கம்பெனியில் எல்லாரும் சேர்ந்து நவாப்பை விளையாடியது அன்றுதான் முதல் தடவை. வேலூர் லாங் பஜாரில் தள்ளுவண்டிகள் மேல் இடிக்காமல் ஷேர் ஆட்டோ ஓட்டும் விளையாட்டில் ஆரோக்கியமேரி மூழ்கிப்போனாள். "தோ, வாழப்பழ வண்டிய இடிச்சிட்டேன். கெட்ட வார்த்தையில திட்டறான் சார்" என்று பக்கத்தில் இருந்த கணக்காளரிடம் காட்டினாள். பிரியாணி வந்து ஆறிக்கொண்டிருந்தது. யாரும் நிமிரவில்லை.

கைகளில் நவாப் சூடேறியதும் சுஹேல் அகமது தன்னுடையதை மூக்கருகே கொண்டுபோனார். எல்லாரும் கொண்டுபோனார்கள். ஷூ கம்பெனி மூக்குகள் ஒரு டஜனுக்கு மேல் ஆழமாக இழுத்தன.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே. மேரிம்மா, உங்களுக்கு?"

"ஒண்ணும் இல்லியே சார். இன்னா நாத்தம்?"

சுஹேல் அகமது ஆலோசகரிடம் நீட்டினார். கம்பெனிக்கு வெளியிலிருந்து வந்த மூக்கு அது ஒன்றுதான். ஆலோசகர் முகர்ந்தார். கண்ணில் தண்ணீர் கட்டியது. இருமலை அடக்கிக்கொண்டு சுஹேல் அகமதுவின் முகத்தைப் பார்த்தார். "ரிச்சா இருக்கு சார். ஒரு பாரம்பரியம் தெரியுது" என்றார். அடுத்த காலாண்டுக்கும் அவரைத்தான் கூப்பிட வேண்டும் அல்லவா.

"நீ சொல்லும்மா. உனக்கு வருதா?" என்று சுஹேல் அகமது மேகலா பக்கம் திரும்பினார்.

பிரேம்நாத்துக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அவள் சொல்லிவிடுவாள். சொல்ல வேண்டியதை அவளே சொல்லிவிட்டால் தான் சொல்ல வேண்டியது இல்லை. மேகலா நவாப்பை முகத்தருகே வைத்துக் கண்ணை மூடினாள். இழுத்தாள். புருவத்தைச் சுருக்கிக்கொண்டு இன்னொரு தடவை இழுத்தாள்.

"இல்லை சார்" என்றாள். "ஒண்ணும் வரலை."

"பிரேம்நாத் சாருக்குப் பெரிய மனசு. ஒரு பொண்ணுக்காகத் தன் டிபார்ட்மெண்ட் மேலயே பழியைப் போட்டுக்கப் பாக்கறார்" என்றார் சுஹேல் அகமது. எல்லாரும் கை தட்டினார்கள். ஆலோசகர் கொஞ்சம் அதிகமாகவே தட்டினார். அந்தக் கைதட்டலுக்கு நடுவிலும் எழுந்திருக்கலாம். மேகலா முதல் மாசமே என்னிடம் சொன்னாள் என்று சொல்ல அதிக நேரம் ஆகாது. பிரேம்நாத் உட்கார்ந்தே இருந்தார். யாரோ அவர் தட்டில் பிரியாணி வைத்தார்கள். கத்திரிக்காயும் வைத்தார்கள். அதையும் சாப்பிட்டார்.

சாயங்காலத்துக்குள் மேகலாவுக்குக் கணக்கு முடித்துவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் வேலூர் பஸ்ஸுக்காக அவள் நின்றுகொண்டிருந்தாள். காலடியில் பெரிய பை. பிரேம்நாத் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார்.

"டீ குடிக்கிறியாம்மா?"

"வேணாம் சார்."

"நான் சொல்லிப் பாத்தேன்."

"ஆமா சார். கவனிக்கப்பட்டதுன்னு சொன்னீங்க."

அவர் ஹேண்டில்பாரைத் துடைத்தார். அதில் தூசி இல்லை.

"நீயாவது வருதுன்னு சொல்லி இருக்கலாமே."

"வராததை வருதுன்னு எப்பிடி சார் சொல்றது?" மேகலா பையைக் காலால் நகர்த்தினாள். "நீங்க சொன்ன மாதிரியே பழகிடுச்சி. ஊருக்குப் போனா எங்கம்மா இந்தப் பையை வாசல்லயே வெக்கச் சொல்லுது. துணியெல்லாம் ஊறவெச்சப்புறம்தான் சோறு போடுது. எதுக்கு இந்த அலப்பறைன்னு நான் சண்டை வேற போடுவேன். இன்னிக்கு மோந்து பாக்கறேன், ஒண்ணுமே இல்லை. அப்பதான் சார் எனக்கு பயமா இருந்திச்சி."

என்ன சொல்வதென்று தெரியாதபோது பிரேம்நாத் வழக்கமாகச் சொல்லும் ஒரு வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. நல்லவேளையாக விழுங்கிவிட்டார்.

"சென்னையில ஒரு கேம் கம்பெனியில முன்னாடியே கூப்ட்டிருக்காங்க" என்றாள் மேகலா. "நவாப் ஏன் ஓடலைன்னுதான் மொதல்ல கேப்பாங்க. நானே சொன்னா, செஞ்சவளே சாக்கு சொல்றான்னு நெனைப்பாங்க. உங்க நம்பரைக் குடுக்கட்டுமா?"

"குடும்மா. தாராளமா குடு."

பஸ் வந்தது. ஏறிவிட்டு ஜன்னல் வழியாகச் சொன்னாள்: "கவனிக்கப்பட்டதுன்னு மட்டும் சொல்லாதீங்க சார்."

அடுத்த வாரம் முழுக்கப் பிரேம்நாத் தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஷேர் ஆட்டோ ஓட்டினார். ஷூக்கள் பரிசோதனைக்குக் காத்துக் கிடந்தன. விளையாட்டு நன்றாக இருந்தது. நிறுத்த முடியவில்லை.

திங்கட்கிழமை மறுபடி கூட்டம். மேசை நடுவில் புதிய சீல் சாம்பிள் நின்றது. பெயர் சுல்தான். வீட்டுக்குள் காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரம், வெளியே முழுக்க அசல் தோல். உள்ளே மோட்டார் இன்னும் வைக்கவில்லை. சுஹேல் அகமது அதைத் தடவிக்கொண்டிருந்தார்.

"வேர் டிரையல் நம்ம பிரேம்நாத் சார்தான். வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க."

அப்போது பிரேம்நாத்தின் போன் அடித்தது. சென்னை நம்பர். அவர் எழுந்து வெளியே போகப் பார்த்தார்.

"பரவால்ல, இங்கயே பேசுங்க சார். நமக்குள்ள இன்னா ரகசியம்" என்றார் சுஹேல் அகமது.

போனில் ஒரு பெண் குரல். மேகலா என்பவர் உங்களிடம் வேலை செய்தாரா என்று கேட்டது. ஆமாம் என்றார். அவங்க செய்த நவாப் ஏன் சார் ஓடலை, கேம் சரியில்லையா என்று கேட்டது. பிரேம்நாத் கதவைப் பார்த்தார். வெளியே போய்விட்டால் மறுபடி 'பொதுவா' என்று ஆரம்பித்துவிடுவோம் என்று அவருக்கே பயமாக இருந்தது. நின்ற இடத்திலேயே நின்றார்.

"மேகலா செஞ்ச கேம் நல்ல கேமுங்க. நான் இன்னும் மூணாவது தள்ளுவண்டியைத் தாண்டலை."

ஆரோக்கியமேரி நிமிர்ந்தாள். சுஹேல் அகமதுவின் கை சுல்தான் மேல் அப்படியே நின்றது.

"நவாப் நாறுச்சிங்க. தோலை ஒட்டற சொல்யூஷன் சூட்டுல நாறும். அது மேகலா வேலை இல்லை, எங்க வேலை. மேகலா மொத மாசமே சொல்லிச்சி... எங்கிட்டதான். ரெண்டு தடவை வந்து சொல்லிச்சி."

ஆலோசகர் தன் பேனாவை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"அதுக்கு நீங்க என்ன சார் சொன்னீங்க?" என்று கேட்டது அந்தக் குரல்.

பிரேம்நாத் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"பழகிடும்னு சொன்னேன்."